லண்டன் கணக்கில் பன்னிரண்டு மணி

நாலு பேர் நாலு தேசத்தில் இருந்தால், அந்த நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் கை ஒழிவது என்பது பூனைக்கு மணி கட்டுகிற காரியம். எல்லோருக்கும் சம்மதம்தான், கட்டுவதற்குத்தான் ஆள் கிடைக்காது. மலையாள நாட்டு நேமத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற இடவழியில் குடியிருந்த ராஜையனின் கடைசி மகள் சிஜி, 2004-ஆம் வருஷம் ஓணம் முடிந்த கையோடு இந்தக் காரியத்தில் இறங்கினாள். வேறு வழி இருந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ராஜையன் குடிநீர் இலாகாவில் பம்ப் ஓட்டியவர். அவருக்கும் சரோஜத்துக்கும் நாலு பிள்ளைகள். மூத்தவன் அஜீஷ் குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அடுத்தவன் சஜின் அமெரிக்காவில் ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் வேலை. மூன்றாவது ரெஷ்மா இங்கிலாந்தில் லீட்ஸ் என்கிற ஊரில் நர்ஸ். ஆனால் நேமத்துக்காரர்களுக்கு இங்கிலாந்தில் லண்டனைத் தவிர வேறு ஊர் கிடையாது, ஆகவே அவள் லண்டன் ரெஷ்மா. நாலாவது சிஜி. அவளுக்கு அடைமொழி எதுவும் வைக்கவில்லை. உள்ளூரிலேயே கிடக்கிறவளுக்கு அடைமொழி எதற்கு?

மூத்த மூன்று பேரையும் வெளியே அனுப்பப் பாடுபட்ட சரோஜம், சிஜி விஷயத்தில் மட்டும் "இவ ஒருத்தியாவது கண்ணு முன்னால கிடக்கட்டும்" என்று சொல்லி லேப் டெக்னீஷியன் படிப்போடு நிறுத்திவிட்டாள். கரமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. அப்புறம் சரோஜம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மறுவருஷம் ராஜையன் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, நாக்கு குழறிப் போயிற்று. மூன்று பேரும் பறந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார்கள். அழுகை உண்மையான அழுகைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லீவு தீர்ந்ததும் பறந்து போனார்கள்.

கடைக்குட்டிக்குக் குடும்ப வீடு என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சரோஜம் கண் மூடும் முன்பே அந்த ஓட்டு வீட்டைச் சிஜியின் பெயருக்கு எழுத வைத்திருந்தாள். வீடு யாருக்கோ, தாய் தகப்பன் அவர்களுக்கு என்பது அதே வழக்கத்தின் மறுபாதி. பத்திரத்தில் எழுதியது முதல் பாதி மட்டும். மறுபாதியை யாரும் எழுத வேண்டியதில்லை, அது தானாகவே தலையில் வந்து உட்காரும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கிறிஸ்தவர்கள், வேதக்காரக் குடும்பம் என்பதற்காகப் பழமொழி பொய்த்துப் போகுமா?

பெண் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. வந்தார்கள், காப்பி குடித்தார்கள், உள்ளே கட்டிலில் கிடந்தவரை எட்டிப் பார்த்தார்கள். "அப்பாவ இனி யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டாம் தடவை படியேறியதில்லை. சிஜிக்கு முப்பது தாண்டிவிட்டது. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிப்பாள். சாயங்காலம் வந்து மறுபடி அதையே செய்வாள்.

இந்த நிலையில்தான் மஸ்கட் வந்தது. கூடப் படித்த ஒருத்தி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் சொல்லி, கொச்சியில் இன்டர்வியூ நடந்து, சிஜி தேர்வாகிவிட்டாள். தம்பானூரில் இருந்த ஏஜென்சிக்காரர்கள் நவம்பர் ஒன்றாம் தேதி, திங்கள்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். அன்று வீடு திரும்புகிற பஸ்ஸில் அவள் சன்னலைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். தனக்கென்று கேட்டு, தனக்கென்றே வந்த முதல் காரியம் அவளுக்கு அது. போக வேண்டும் என்ற ஆசை பசி மாதிரி வயிற்றில் நின்றது. அதை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

வழியும் இருந்தது. அஜீஷின் மனைவி பிந்துவும் பிள்ளைகளும் நெய்யாற்றின்கரையில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் இருந்தார்கள். கீழ் அறை ஒன்று பூட்டியே கிடந்தது. அப்பாவை அங்கே கொண்டுபோய் வைத்து, பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்சை ஏற்பாடு செய்தால் சிஜி போய்விடலாம். முதலில் அஜீஷுக்குப் போன் போட்டாள்.

"எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல மோளே" என்றான் அஜீஷ். "நீ போணும். நீயும் நாலு காசு பாக்கண்டாமா? ஆனா சஜின்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அவனுக்கு மனசுல ஒண்ணும் தோணப்பிடாது பாரு."

சஜினிடம் கேட்டாள். "அண்ணனுக்கும் ரெஷ்மாவுக்கும் சம்மதம்ணா எனக்கும் சம்மதம். நான் என்ன தடுக்கவா போறேன்?" என்றான் அவன்.

ரெஷ்மாவிடம் கேட்டாள். "எடீ, என்னட்ட எதுக்குக் கேக்குதா? மூத்தது அஜீஷ் அண்ணன் அல்லியா? அவன் சொன்னா பின்ன நமக்கு மறுபேச்சு உண்டா?" என்றாள் அவள்.

மறுபடி அஜீஷ். மறுபடி சஜின். செக்கைச் சுற்றுகிற மாடுகூடச் சுற்றின சுற்றுக்குக் கொஞ்சம் எண்ணெய் தரும், இங்கே அதுவும் இல்லை. தனித்தனியே பிடித்தால் மூன்று பேரும் தங்கம். ஆனால் ஒருவன் சொல் இன்னொருவன் வாயில் இருந்தது, மூன்று வாயையும் ஒரே இடத்தில் வைத்துத் திறந்தால் ஒழிய அது வெளியே வராது. இதைக் கடைசியில் சஜினே சொன்னான். "நாலுபேரும் ஒண்ணா மெசஞ்சர்ல இருந்து பேசிடுவோம். அன்னைக்கே தீர்மானம் எடுப்போம்." சிஜிக்கு உயிர் வந்தது.

நேமம் ஜங்ஷனில் ஹரிகுமார் என்கிறவன் மாடியில் இன்டர்நெட் கடை வைத்திருந்தான். ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்கிற வத்தல் மண்டிக் குடும்பம். வத்தல் நெடியில் தும்மித் தும்மி அலுத்துப்போய்க் கம்ப்யூட்டருக்கு வந்தவன். அவன்தான் சிஜிக்கு ஒரு ஐடி உண்டாக்கிக் கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் எரிந்தால் ஆள் இருக்கிறது, அணைந்தால் இல்லை, பெயரைத் தொட்டால் எழுதிப் பேச ஒரு ஜன்னல் திறக்கும் என்று சொல்லிக் கொடுத்தான். தமிழில் அடிக்க அப்போது யாருக்கும் தெரியாது. நாலு பேரும் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், வீட்டிலும் கோயிலிலும் மட்டும் தமிழ். ஆகவே இங்கிலீஷ் எழுத்தில் தமிழைப் போட்டு அடித்துக்கொண்டார்கள்.

இனி நேரம் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதே மேல். அஜீஷுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஆனால் லீவு நாளில் அவனுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் ஆபீசில் இருந்தது, ஆபீஸ் இருக்கிற நாளில் மேனேஜர் இருந்தார். சஜினுக்கு வார நாட்களில் மூச்சு விட முடியாது, சனிக்கிழமை மகனுக்கு விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன்னால் எழும்ப முடியாது. ரெஷ்மாவின் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அவளுக்குச் சௌகரியம் என்றால் ஞாயிறு மட்டும், அதுவும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மத்தியான ஷிப்டுக்குப் போவதற்கு முன்பு. ஆராதனையை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்ல முடியாதே. சிஜிக்கு எப்போது சௌகரியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முதல் தடவை குறித்த நாளில் ரெஷ்மாவின் ஷிப்ட் மாறிவிட்டது. இரண்டாம் தடவை, மகனுக்கு விளையாட்டு இல்லாத ஒரு சனிக்கிழமை என்று சஜின் சொன்னது அமெரிக்கச் சனிக்கிழமையா இந்தியச் சனிக்கிழமையா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சிஜி ஹரிகுமாரின் கடையில் அணைந்து கிடந்த மூன்று முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். மூன்றாம் தடவை எல்லோரும் வந்தார்கள், நேமத்தில் ஐப்பசித் துலாமாதத்து இடி இடித்துக் கரண்ட் போய்விட்டது. "உனக்க ஊருல மட்டும் எப்பளும் கரண்ட் போவும்" என்று ரெஷ்மா மறுநாள் போனில் சலித்துக்கொண்டாள். உனக்க ஊர் என்றாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான்.

கடைசியாக அக்டோபர் முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. ரெஷ்மாதான் எல்லோரிலும் அவதிப்படுகிறவள் என்பதால் அவள் கடிகாரத்தை வைத்தே நேரம் குறித்தார்கள். லண்டன் கணக்கில் பன்னிரண்டு மணி. குவைத்தில் அப்போது மத்தியானம் மூன்று, மேனேஜர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அஜீஷ். ஹூஸ்டனில் காலை ஆறு. சஜின் முனகினான். "ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிக்கா? செரி, அப்பாவுக்க காரியம் அல்லியா, ஒரு நாளைக்கு நான் சகிச்சுக்கிடுதேன்" என்றான். சிஜிக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம் என்பதை அவள் விசுவாசப் பிரமாணம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தாள். அப்படியானால் நமக்குச் சாயங்காலம் நாலரை. மறுநாள் திங்கள்கிழமை ஏஜென்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள். இனி ஒரு தடவை தள்ளிப்போட இடமில்லை.

வருஷத்தில் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி விடிந்து ஒரே மாதிரி அடைகிற நாட்டில் இருக்கிறவர்களுக்குக் கடிகாரம் கடிகாரம்தான். குளிர் வருகிறது என்று ஒரு தேசமே ஒரு நாள் காலையில் எழுந்து எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கும் என்று சொன்னால் நேமத்தில் சிரிப்பார்கள். லண்டனில் அதைச் செய்கிற நாள் சரியாக அந்த ஞாயிறு. அமெரிக்காவிலும் அதே ஞாயிறு. ரெஷ்மாவுக்கும் சஜினுக்கும் இது தெரியும், அவர்கள் சொல்லி அஜீஷுக்கும் தெரியும். சிஜியிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று அவள் காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அப்பாவுக்குச் சோறு ஊட்டி, சொர்ணம்மாளைத் துணைக்கு இருத்தினாள். ராஜையனுக்கு விஷயம் தெரியும். மகள் சேலை மாற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து இடது கையை உயர்த்தினார். "நாலுபேரும்... சண்ட போடப்பிடாது" என்றார். அவர் பேச்சு சொர்ணம்மாளுக்குப் புரியவில்லை. "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள். சிஜி சொன்னாள். இந்த உலகத்தில் அந்தக் குழறலைப் புரிந்துகொள்கிறவள் அவள் ஒருத்திதான்.

கடையில் உட்கார்ந்து மெசஞ்சரைத் திறந்தபோது நாலரை ஆகியிருந்தது. மூன்று மஞ்சள் முகங்களும் எரிந்துகொண்டிருந்தன. சிஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தர்கூடத் தாமதிக்கவில்லை. எனக்காக, நான் கேட்டேன் என்பதற்காக, எத்தனை அசௌகரியம் இருந்தும் மூன்று பேரும் சொன்ன நேரத்துக்கு வந்து காத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இவர்களைப் பல ராத்திரிகளில் மனசுக்குள் திட்டியதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். அஜீஷின் பெயரைத் தொட்டு, "அண்ணா, நான் வந்தாச்சு" என்று அடித்தாள்.

பிறகு அஜீஷின் ஜன்னலில் ஒரு வரி வந்தது.

"அவகிட்ட ஒரு வருஷம் பொறுண்ணு மட்டும் சொல்லுவோம். அதுக்குள்ள அந்த வேலை போயிரும். பெறவு அப்பாவுக்க காலம் வரைக்கும் அடங்கி இருந்துக்கிடுவா."

சிஜி அதை வாசித்தாள். முதலில் யாரைப் பற்றி என்று புரியவில்லை. யாரோ ஒரு வேலைக்காரியைப் பற்றி, ஹோம் நர்சைப் பற்றிப் பேசுகிறான் என்று தோன்றியது. ஹோம் நர்சை ஏற்பாடு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுகூட ஒரு நொடி சந்தோஷப்பட்டாள். பேதை மனசு அப்படித்தான். இரண்டாம் தடவை வாசித்தபோது புரிந்தது. மூன்று பேரும் தனியாக ஒரு ஜன்னலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் போட வேண்டியதை அஜீஷ் கைதவறி அவளுடையதில் போட்டுவிட்டான்.

அஜீஷின் முகம் அணைந்தது. தொட்டாற்போல் ரெஷ்மாவின் முகம். அப்புறம் சஜின்.

"ஹரி, இப்ப லண்டன்ல மணி என்ன?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

ஹரிகுமார் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான். "பதினொண்ணு அக்கா. இண்ணைக்குத் தொட்டு அங்க ஒரு மணிக்கூர் பின்னால மாத்தியிருக்கான். அமெரிக்காவிலயும் அப்படித்தான். எல்லா வருஷமும் உள்ளதாக்கும். உங்களுக்கு இனி அஞ்சரைக்குத்தான். வீட்டுக்குப் போயிட்டு வாறியளா?"

"இல்ல, இங்கயே இருக்கேன்" என்றாள் சிஜி.

அந்த ஒரு மணி நேரம் சிஜியின் வாழ்க்கையிலேயே நீளமானது. லண்டனில் பதினொன்று என்றால் ரெஷ்மா ஆராதனையில் இருக்க வேண்டிய நேரம். யாருக்காகவும் விட முடியாத ஆராதனையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஹூஸ்டனில் ஐந்து. ஆறு மணிக்கே எழும்ப முடியாது என்று முனகினவன் ஐந்துக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறான். நாலு பேருக்கும் நேரம் ஒத்துவருவதுதான் கடினமாக இருந்தது, மூன்று பேருக்கு எப்போதும் ஒத்து வந்திருக்கிறது. அவளுக்காக முடியாதது எல்லாம் அவளுக்கு எதிராக முடிந்திருக்கிறது. இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று பேரையும் வெறுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சொல்லக்கூடிய அளவுக்கு வெறுத்தாள்.

போய்விடலாமா என்று யோசித்தாள். யோசிக்காமல் இருக்க அவள் ஒன்றும் தேவதை இல்லை. நாளைக்கு ஏஜென்சியில் சரி என்று சொல்லிவிடுவது. ஒரு நாள் காலையில் டாக்சி வைத்து அப்பாவை நெய்யாற்றின்கரையில் பிந்துவின் வாசலில் இறக்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போவது. யார் என்ன செய்துவிட முடியும்? நாலு நாள் திட்டுவார்கள், அவ்வளவுதானே. அந்த டாக்சியை அவள் மனசுக்குள் வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போனாள். பூட்டிக் கிடந்த கீழ் அறை வரைக்கும் போனாள். அங்கே கட்டிலில் கிடந்து அப்பா தண்ணீர் கேட்கிறார். பிந்து வந்து நிற்கிறாள், "எந்தா?" என்கிறாள். அவர் மறுபடி சொல்கிறார். அவளுக்குப் புரியவில்லை. போய்விடுகிறாள். டாக்சி அதற்கு மேல் நகரவில்லை.

ஐந்தரைக்கு மூன்று முகங்களும் ஒவ்வொன்றாக எரிந்தன. இந்தத் தடவை நாலு பேருக்கும் பொதுவான ஜன்னல்.

"ஹலோ, எல்லாரும் வந்தாச்சா?" என்றான் அஜீஷ்.

"இப்பத்தான் ஆராதனை முடிஞ்சு பள்ளியில இருந்து வந்து கேறுதேன். என்ன ஒரு குளிரு" என்றாள் ரெஷ்மா.

"கண்ணு தொறக்க முடியல்ல. காப்பிகூடக் குடிக்கல்ல" என்றான் சஜின்.

அந்தக் குடும்பத்தில் ஜெபம் பண்ணாமல் எந்தப் பேச்சும் தொடங்குவதில்லை. சரோஜம் ஏற்படுத்திவிட்டுப் போன பழக்கம். மூத்தவன் ஜெபிப்பான், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். மெசஞ்சரிலும் அதே முறைதான். அஜீஷ் ஒவ்வொரு வரியாக அடித்தான். சிதறிக் கிடக்கிற எங்களை ஒரே இடத்தில் கூட்டிச் சேர்த்ததற்காக ஸ்தோத்திரம் என்று அடித்தான். எங்களை ஒருமனப்படுத்தும் என்று அடித்தான். வழக்கத்தைவிட நீண்ட ஜெபம். தன் கை தவறியதை அவன் பார்த்திருக்கிறான் என்று அந்த நீளத்திலேயே சிஜிக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாசித்தாளா இல்லையா என்பதுதான் அவனுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. ரெஷ்மா ஆமென் போட்டாள், சஜின் ஆமென் போட்டான். சிஜியும் போட்டாள்.

பிறகு காரியத்துக்கு வந்தார்கள். பிந்து ஒற்றைக்கு இருக்கிறாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்றான் அஜீஷ். வீடு இருக்கிற இடத்தில்தான் அப்பாவுக்கு நிம்மதி, வீடும் உன் பேரில்தானே என்றான் சஜின். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அவர்களுடைய நல்ல குணம்.

"ஒரு வருஷம் மட்டும் பொறுடீ" என்றாள் ரெஷ்மா. "அடுத்த வருஷம் உன்னை நானே இங்க கொண்டுவருதேன். மஸ்கட் எல்லாம் என்ன ஒரு ஊரு?"

"ஆமா, ஒரு வருஷம் போதும்" என்றான் சஜின்.

"ஒரே ஒரு வருஷம் மோளே" என்றான் அஜீஷ். "அண்ணன் சொல்லுதேன். உனக்குச் சம்மதமா?"

சிஜி விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். நான் நாலரைக்கே வந்தேன் என்ற ஒரு வரி போதும். சொன்னால் மூன்று பேரும் சத்தியம் பண்ணுவார்கள், அழுவார்கள், நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்பார்கள். அதற்குப் பிறகு போன்கூட வராது. அப்பா மாதத்துக்கு ஒரு தடவை கேட்கிற அந்த மூன்று குரல்களும் நின்றுவிடும். அவள் மெதுவாக அடித்தாள்.

"ஒரு வருஷம்ணு சொல்லண்டாம் அண்ணா. அப்பாவுக்க காலம் வரைக்கும் நான் இருக்கேன்."

அப்பாவுக்க காலம் வரைக்கும் என்பது அஜீஷின் வார்த்தைகள்தான். எழுத்து மாறாமல் போட்டாள். ஜன்னலின் அடியில் அஜீஷ் எழுதுகிறான் என்று வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. வெகுநேரம் கழித்து ரெஷ்மா, "தெய்வம் உன்னை ஆசீர்வதிக்கும்" என்று போட்டாள். ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். மகன் எழும்பிவிட்டான் என்று சஜின் போனான். அஜீஷின் முகம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அவன் ஏதாவது சொல்லுவான் என்று சிஜி காத்திருந்தாள். அவள்தான் அணைத்துவிட்டு எழுந்தாள்.

இடவழியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் சொர்ணம்மாள் முகத்தைப் பார்த்தாள். "சோறு மூடி வச்சிருக்கேன் மக்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ராஜையன் கட்டிலில் கண் விழித்துக் கிடந்தார். சிஜி கஞ்சியைப் பிசைந்து கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணுபேரும்... வந்தாவளா?" என்று கேட்டார்.

"வந்தாவப்பா. எனக்கு முன்னமே வந்தாச்சு."

அவர் முகம் விரிந்தது. "சஜின்... அவனுக்கு உறக்கம்?"

"விடியும் முன்ன, வெளுப்பான் காலமே எழும்பிட்டான்."

"ரெஷ்மா... போன்ல இருமினாளே?"

"கொறைஞ்சிருக்கு. நல்லா இருக்கா."

"அஜீஷ்?"

"ஜெபிச்சான் அப்பா. நல்ல நீளமா ஜெபிச்சான்."

ராஜையனுக்குக் கண்ணீர் வழிந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு சந்தோஷம் வந்தாலும் அவருக்குக் கண்ணீர்தான். "எனக்க பிள்ளைய... ஒத்துமையா இருக்கணும்... அது போரும்" என்றார். மஸ்கட் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மறதி இல்லை, கேட்கப் பயம். இடது கையால் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. சிஜி அதைப் பார்த்தாள், விடுவிக்கவில்லை. இன்னொரு கரண்டி கஞ்சியை வாயில் வைத்து, கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள்.

விழுங்கிவிட்டு அவர் கேட்டார். "இனி... எப்ப பேசுவாவ? எல்லாரும் ஒண்ணா?"

"அவியளுக்கு நேரம் ஒத்து வரணும் இல்லியா? ஒத்து வரும்போ சொல்லுவாவ" என்றாள் சிஜி. "நமக்கு எப்பண்ணாலும் செரிதானே அப்பா. நாம எங்க போறோம்?"